காது மெஷின் வாங்கும் முன்

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. சாதாரணமாகப் பேசினால் "என்ன சொன்னே?" என்கிறார். குரலை உயர்த்தினால் "ஏன் கத்துறே? நான் என்ன செவிடா?" என்று சீறுகிறார். ஆன்லைனில் 1,500 ரூபாய்க்குக் காது மெஷின் கிடைக்கிறது. கடையில் கேட்டால் ஒரு காதுக்கே 35,000 என்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். அப்பாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

உள்காதில் நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள் ஒலியை உணரும் மயிரணுக்கள் உள்ளன. அவற்றில் வெளிவரிசை அணுக்களின் வேலை, மெல்லிய ஒலியைப் பெருக்கித் தருவது. வயதாக ஆக இவை பழுதாகும். போனால் மறுபடி முளைக்காது. அதனால் மெதுவான பேச்சு அவருக்கு எட்டாது, ஆனால் உரத்த சத்தம் நமக்கு உறைப்பதுபோலவே அவருக்கும் உறைக்கும்.

அதிலும் முதலில் போவது உயர்ந்த அதிர்வெண், அதாவது கீச்சென்ற ஒலிகள்தான். அ, ஆ, ஓ எல்லாம் கேட்கும். ச, த, ட ஆகியவற்றைப் பிரித்துக்காட்டும் நுணுக்கம் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதால் நழுவிவிடும். நீங்கள் "பத்து" என்றால் அவர் காதில் "பட்டு" என்று விழலாம். ஃபேன் ஓடும் அறையில் இன்னும் மோசம்.

1,500 ரூபாய்க் கருவிகள் பெரும்பாலும் எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகத் தூக்கிவிடுபவை. பேச்சு தெளிவதற்குள் மிக்ஸியும் குக்கர் விசிலும் காதைக் கிழிக்கும். இரண்டே நாளில் கழற்றி வைத்துவிடுவார். நல்ல டிஜிட்டல் கருவி, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு குறையோ அங்கே மட்டும் அவ்வளவு கூட்டும். மெல்லியதை அதிகமாகவும் உரத்ததைக் கொஞ்சமாகவும் உயர்த்தும்.

ஆகவே முதலில் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். வெறும் அழுக்கு அடைப்பாகக்கூட இருக்கலாம். பிறகு எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடமான ஆடியோகிராம் எடுங்கள், பேச்சுப் புரிதல் சோதனையும் சேர்த்து. அந்த வரைபடம் இல்லாமல் விலை சொல்லும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வாங்கும்போது வீட்டில் போட்டுப் பார்க்க அவகாசம் தருவார்களா, பின்னால் செட்டிங் மாற்றக் கட்டணம் உண்டா என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மூளை புது ஒலிக்குப் பழகச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்குள் "இது சரியில்லை" என்று ஒதுக்க விடாதீர்கள். இரண்டு காதிலும் குறை இருந்தால் இரண்டுக்கும் போட்டுப் பார்ப்பது நல்லது. சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை இரு காதுகளும் சேர்ந்துதான் சொல்கின்றன; சாலையைக் கடக்கும்போது அது உயிர் காக்கும் விஷயம்.

ஒன்று மட்டும் அவசரம்: ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் கடைக்குப் போகாதீர்கள், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.