சிறுவர் நாவலில் பழைய கதைகளின் இருளை எப்படிக் கையாள்வது?

கேள்வி: 8 முதல் 12 வயது வரையுள்ள வாசகர்களுக்காக, ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டிய கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் உள்ள ‘கைகளற்ற பெண்’ என்ற கதையை நாவலாக விரித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பிசாசிடம் ஏமாந்துபோன ஆலைக்காரர் ஒருவர், அதன் மிரட்டலுக்குப் பயந்து தன் மகளின் கைகளை வெட்டிவிடுகிறார் என்பதுதான் கதையின் தொடக்கம். கைப்பிரதியைப் படித்த நண்பர் ஒருவர், இது பிள்ளைகளுக்கு ஆகாது, அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள் என்கிறார். இன்னொருவர், அதை எடுத்தால் கதையே இல்லை என்கிறார். எந்த அளவுக்குக் கொடுமையை வைத்துக்கொள்ளலாம்? புத்தகத்தின் முன்பக்கத்தில் எச்சரிக்கை போட வேண்டுமா?

பதில்: உங்கள் நண்பர்கள் இருவருமே கொடுமையின் அளவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். சிறுவர் நூல்களின் கைப்பிரதிகளைத் திருத்தும் வேலையில் நான் கண்டவரை, ஒரு கதையில் எத்தனை பேர் சாகிறார்கள், எத்தனை உறுப்புகள் வெட்டப்படுகின்றன என்று எண்ணிப் பார்த்து, அது பத்து வயதுப் பிள்ளைக்கு ஏற்றதா என்று தீர்மானிக்க முடிவதில்லை. அந்தக் கொடுமை எந்த நடையில் சொல்லப்படுகிறது என்பதும், அதில் அகப்பட்ட பிள்ளைக்கு அடுத்து என்ன செய்ய முடிகிறது என்பதும்தான் முக்கியம். எனவே வெட்டும் காட்சியை நீக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் இப்போது இருக்கும்படியே விட்டுவிடவும் முடியாது.

முதலில் நடையைப் பார்ப்போம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த நாட்டார் கதை ஆய்வாளர் மாக்ஸ் லூத்தி, ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகளைப் பற்றி 1947இல் வெளியிட்ட நூலில், இக்கதைகளின் மாந்தர்களுக்கு உள்ளாழம் கிடையாது என்பதைக் குறையாகச் சொல்லாமல், இவ்வகைக் கதைகளின் இயல்பு என்றே விளக்கினார். கை துண்டிக்கப்படும், விரல் வெட்டப்படும்; ஆனால் இரத்தம் பெருகியதாகவோ, வலியில் துடித்ததாகவோ கதை பெரும்பாலும் சொல்வதில்லை. உங்கள் மூலக்கதையிலும் தந்தை மன்னிப்புக் கேட்கிறார், மகள் தான் அவருடைய பிள்ளை என்றும் விரும்பியபடி செய்யலாம் என்றும் சொல்லிக் கைகளை நீட்டுகிறாள், சில வரிகளில் எல்லாம் முடிந்து கதை மேலே போய்விடுகிறது. கேட்கும் பிள்ளை திடுக்கிடுகிறது. ஆனால் அந்த இடத்திலேயே நிறுத்தி வைக்கப்படுவதில்லை.

நாவலாக விரிக்கும்போது இந்தத் தட்டையான நடையைத்தான் நாம் முதலில் இழக்கிறோம். மகளுக்கு ஒரு பெயர் கொடுக்கிறோம். மாவு படிந்த தந்தையின் சட்டை, அவர் பாடும் பாட்டு, அவருடைய தோளில் ஏறி அவள் பார்த்த ஆறு என்று நாற்பது பக்கங்களை அவர்கள் இருவருக்காகச் செலவழிக்கிறோம். அதற்குப் பிறகு அதே தந்தை கோடரியை எடுக்கும்போது, மூலத்தில் இல்லாத ஒரு துளி இரத்தத்தைக்கூட நாம் சேர்க்காவிட்டாலும், அந்தச் செயல் மூலத்தில் இருந்ததைவிடப் பல மடங்கு பயங்கரமாகிவிடுகிறது. ‘மூலத்தில் இருப்பதைத்தானே எழுதினேன்’ என்று எழுத்தாளர்கள் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன், நேர்மையாகவே சொல்கிறார்கள். ஆனால் உள்மனத்தைத் திறந்து காட்டும் நாவலில், மூலத்தில் இருந்த நிகழ்ச்சி அப்படியே இருப்பதில்லை. ஆகவே நாவலாசிரியர் அதை மறுபடி எடை போட்டுப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அந்த ஒரு கணத்துக்கு மட்டும் பழைய கதையின் நடைக்கே திரும்பிப் போங்கள் என்பது என் ஆலோசனை. வெட்டும் செயலை ஒரு வாக்கியத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். மழுப்பிச் சொன்னால் பிள்ளை தன் கற்பனையால் அதைவிட மோசமானதை நிரப்பிக்கொள்ளும். கருவியின் கூர்மை, ஓசை, தரையில் விழுந்தது என்ன என்பதெல்லாம் தேவையில்லை. பக்கங்களைச் செலவழிக்க வேண்டியது அதற்குப் பிறகு வரும் நாட்களில்தான். இந்த வயதினர் ஒரு கொடுமையைக் கேட்டதும், இனி அவள் எப்படிச் சாப்பிடுவாள், தலையை யார் பின்னிவிடுவார்கள், கதவை எப்படித் திறப்பாள் என்று கேட்பார்கள். மூலக்கதைக்கே இது தெரிந்திருக்கிறது: வீட்டை விட்டு வெளியேறிய பெண், அரசனின் தோட்டத்தில் மரத்தில் தொங்கும் பேரிக்காயை வாயாலேயே கடித்துத் தின்கிறாள். அந்த ஒரு காட்சியில் அவளுடைய இழப்பும் பசியும் பிடிவாதமும் சேர்ந்து வந்துவிடுகின்றன. உங்கள் நாவல் தங்கி நிற்க வேண்டிய இடம் அதுதான்.

இரண்டாவது, பிள்ளைக்குச் செய்வதற்கு என்ன இருக்கிறது என்பது. அதே தொகுப்பில் உள்ள ‘ஏழு காகங்கள்’ கதையில், காகங்களாகிவிட்ட அண்ணன்மாரைத் தேடிப் போகும் தங்கை, கண்ணாடி மலையின் கதவைத் திறப்பதற்காக நட்சத்திரம் கொடுத்த சிறு எலும்பைத் தொலைத்துவிடுகிறாள். உடனே தன் சுண்டுவிரலை வெட்டி, அதையே திறவுகோலாக்கிக் கதவைத் திறக்கிறாள். உடலளவில் இதுவும் கைகளற்ற பெண்ணின் கதையைப் போன்ற கொடுமைதான். ஆனாலும் பிள்ளைகள் இதை ஏற்றுக்கொள்ளும் விதமே வேறு, ஏனென்றால் முடிவெடுத்தவள் அவள், காரணமும் அவளுடையது, கதவும் திறந்துவிடுகிறது. உங்கள் கதாநாயகிக்கு இந்த வசதி இல்லை. அவளுக்கு நேர்வது அவள் தேர்ந்தெடுத்தது அல்ல. ஆகையால் அடுத்து வரும் தீர்மானம் ஐயத்துக்கு இடமின்றி அவளுடையதாக இருக்க வேண்டும். பிசாசால் கிடைத்த செல்வத்தைக் காட்டி, வாழ்நாள் முழுதும் உன்னைச் சீராகக் காப்பாற்றுகிறேன் என்று தந்தை சொல்லும்போது, இங்கே இருக்க மாட்டேன் என்று அவள் கிளம்பிவிடுவது மூலத்திலேயே உண்டு. பல மறுகூறல்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நீங்கள் ஒரு முழு அத்தியாயமே கொடுக்கலாம்.

மூலத்தை மாற்றுவது துரோகமாகிவிடுமோ என்ற தயக்கம் உங்கள் கடிதத்தில் தொனிக்கிறது. கிரிம் சகோதரர்களே மாற்றியவர்கள்தாம். 1812இல் முதல் தொகுதி வெளிவந்தபோது அது முதன்மையாகப் பிள்ளைகளுக்கான நூலாக இருக்கவில்லை. பிறகு 1857இன் ஏழாம் பதிப்பு வரை, பெரும்பாலும் சகோதரர்களில் இளையவரான வில்ஹெல்மின் கையால், கதைகள் தொடர்ந்து திருத்தப்பட்டன. எதைத் திருத்தினார்கள் என்று பார்த்தால் இன்றைய வாசகருக்கு வியப்பாக இருக்கும். கோபுரத்தில் அடைபட்ட ரப்பன்ஸல், தன் உடைகள் இறுக்கமாகிவருவதாகச் சொல்லித் தன் கர்ப்பத்தை அறியாமலே வெளிப்படுத்தும் வரி பின்வந்த பதிப்புகளில் காணாமல் போயிற்று. ஆனால் சின்ட்ரெல்லாவின் மாற்றாந்தாய் மகள்களுடைய கண்களைப் புறாக்கள் கொத்திப் பிடுங்குவது முதல் பதிப்பில் கிடையாது, 1819இல்தான் சேர்ந்தது. காமம் ஒளிக்கப்பட்டது, தண்டனை கூடியது. அந்தக் காலத்தின் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு எது ஆகும், எது ஆகாது என்று நினைத்தார்களோ அதன் பதிவுதான் இது. நீங்களும் உங்கள் தீர்ப்பின்படி மாற்றலாம்.

இந்தத் திருத்தங்களில் ஒன்று உங்கள் கதையை நேரடியாகத் தொடுகிறது. ஹான்சலையும் கிரெட்டலையும் காட்டில் விட்டுவிடத் தூண்டியவள் முதல் பதிப்பில் பெற்ற தாய். 1840இன் பதிப்பிலிருந்து அவள் மாற்றாந்தாய். பெற்றவள் இதைச் செய்வாள் என்பதைச் சகிக்க முடியாததால் வந்த மாற்றம் என்று எளிதில் ஊகிக்கலாம். ஆனால் தந்தை பெற்ற தந்தையாகவே எல்லாப் பதிப்புகளிலும் இருக்கிறார், உடன்படுகிறார், பிள்ளைகள் கடைசியில் அவரிடமே திரும்பி வந்து மகிழ்ச்சியாக வாழ்கிறார்கள். பத்து வயது வாசகர் ஒருவர் இங்கே நிறுத்தி, ‘அவர்தானே விட்டுவிட்டு வந்தார்?’ என்று கேட்பார், கேட்கவும் வேண்டும். பெற்றோரே பிள்ளையை விட்டுக்கொடுப்பதுதான் இக்கதைகளின் மிக ஆழமான பயம். சூனியக்காரி அதற்கு அடுத்தபடிதான். உங்கள் தந்தையை அரக்கனாக்கிவிட்டால் அந்தப் பயம் எளிதில் தீர்ந்துவிடும், கதையும் சிறுத்துவிடும். அவர் மகளை நேசித்தார், பயந்தார், அந்தப் பயத்தில் மன்னிக்க முடியாததைச் செய்தார் என்ற மூன்றும் உண்மையாக இருக்கட்டும். அவரை அவள் மன்னிக்க வேண்டும் என்று மட்டும் கதை அவளைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

இருளில் இன்னொரு வகை உண்டு. அதில் நான் உங்களைவிடக் கண்டிப்பாக இருப்பேன் என்று நினைக்கிறேன். ‘ஃபிராவ் டிரூட’ என்ற மிகச் சிறிய கிரிம் கதையில், பெற்றோர் தடுத்தும் கேளாமல் ஒரு கிழவியைப் பார்க்கப் போன சிறுமியை அவள் ஒரு மரக்கட்டையாக மாற்றி, நெருப்பில் போட்டுக் குளிர்காய்கிறாள். டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் ‘சிவப்புக் காலணிகள்’ கதையில், காலணியின் மேல் ஆசைப்பட்டதற்காக ஒரு பெண் பிள்ளை தன் பாதங்களையே இழக்கிறாள். இவற்றில் கொடுமை, பிள்ளையின் ஆர்வத்துக்கோ ஆசைக்கோ தகுந்த கூலியாக வருகிறது. கதையும் அதற்குத் தலையசைக்கிறது. இத்தகைய கதையை மறுபடி சொல்வதானால் நிகழ்ச்சிகளை வைத்துக்கொண்டு அந்தத் தலையசைப்பை எடுத்துவிட வேண்டும். அதைப் போலவே ‘முட்புதரில் யூதன்’ கதையில் உள்ள இனவெறுப்பையும், உடற்குறையையோ அழகின்மையையோ தீமையின் அடையாளமாக்கும் பழைய வழக்கத்தையும் இருள் என்ற பெயரில் காப்பாற்றுவதில் பொருளில்லை. ‘உறங்கும் அழகி’ கதையின் பழைய வடிவமான, இத்தாலிய எழுத்தாளர் பசீலேயின் பதினேழாம் நூற்றாண்டுக் கதையில், உறங்கும் பெண்ணுக்கு ஓர் அரசன் இழைப்பதை இந்த வயதுக்கான நூலில் குறிப்பாகக்கூடச் சுட்ட வேண்டியதில்லை.

தண்டனைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்னோ ஒயிட் கதையில், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் காலணிகளில் சாகும்வரை ஆடும் தீய அரசியின் முடிவு பல பிள்ளைகளுக்கு நிம்மதியையே தருகிறது. தீயவர் திரும்பி வரமாட்டார் என்ற உறுதி அதில் இருக்கிறது. ஆனால் நாவலில் அதை யார் ஆணையிட்டது, யார் நின்று பார்த்தது என்ற கேள்விகள் எழும். உங்கள் நாயகி அருகில் நின்று பார்த்தால் அது அவளையும் மாற்றும், அந்த மாற்றத்தை எழுத வேண்டியிருக்கும். எழுத விருப்பமில்லை என்றால் அவளை அங்கே நிறுத்தாதீர்கள்.

முடிவுக்கு ‘ஆறு அன்னங்கள்’ என்ற கிரிம் கதை நல்ல துணை. ஆறு ஆண்டுகள் பேசாமலும் சிரிக்காமலும் சட்டைகள் தைத்து, அன்னங்களாகிவிட்ட அண்ணன்மாரை மீட்கும் தங்கைக்குக் கடைசிச் சட்டையின் இடக்கையை முடிக்க நேரம் போதவில்லை. கடைசி அண்ணனுக்குக் கைக்குப் பதிலாக அன்னத்தின் இறக்கை தங்கிவிடுகிறது. நடந்தது நடந்ததுதான் என்பதை ஒப்புக்கொண்டே மகிழ்ச்சியாக முடியும் கதை அது. உங்கள் மூலத்தில் கைகள் கடவுளருளால் மறுபடி வளர்கின்றன. அதை அப்படியே வைப்பதற்கு முன், அரசன் செய்து கொடுத்த வெள்ளிக் கைகளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்: வளர்ந்த கைகளுக்குப் பக்கத்தில் அவற்றையும் அவள் வைத்திருக்கலாம்.

எச்சரிக்கையைப் பொறுத்தவரை, பிள்ளைக்கான எச்சரிக்கை முதல் அத்தியாயமே. அங்கே சிறியதாக ஒரு மெய்யான ஆபத்து வரட்டும். படிக்கும் பிள்ளை இது எந்த மாதிரிக் கதை என்று புரிந்துகொண்டு, தொடர்வதா மூடிவைப்பதா என்று தானே முடிவுசெய்யும். எட்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் நடுவில் உள்ள தூரம் பெரியது, ஒரே வயதுள்ள இரு பிள்ளைகளுக்கு நடுவிலும் அப்படியே. வெட்டும் காட்சி வரும் அத்தியாயத்தை அந்த இடத்தில் முடிக்காமல், அவள் வீட்டைவிட்டு வெளியேறிய பிறகு முடியுங்கள். இரவில் ஓர் அத்தியாயம் மட்டும் படித்துவிட்டு விளக்கை அணைக்கும் வாசகர்கள் இவர்கள். பெரியவர்களுக்கான குறிப்பைப் பின்னட்டையில், ‘இக்கதையில் ஒரு தந்தை தன் மகளுக்குப் பெருங்காயம் இழைக்கிறார்’ என்று நேரடியாக எழுதிவிடுங்கள். வீட்டிலேயே அடியும் மிரட்டலும் கண்ட பிள்ளைக்கு இந்நூலைத் தருவதா, தந்தால் யார் உடனிருந்து படிப்பது என்று முடிவெடுக்க வேண்டியவருக்கு அந்த ஒரு வரி அவசியம்.