பார்க்கிங்கில் வழுக்கி விழுந்த அம்மா: பில்டரிடம் இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: சென்னை மேடவாக்கத்தில் 74 லட்சம் ரூபாய்க்கு என் பெயரில் ஃபிளாட் வாங்கினேன். 2023 ஜூனில் சாவி கொடுத்தார்கள். கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே உள்ள ஸ்டில்ட் பார்க்கிங் முழுவதும் பளபளவென்று எபாக்ஸி (பிசின்) பூச்சு. மழை நாளில் வண்டிகளிலிருந்து சொட்டும் தண்ணீரில் கால் வைக்கவே பயம். கடந்த மழைக்காலத்தில், எங்களோடு வசிக்கும் அம்மா (வயது 64) லிஃப்டுக்கு நடந்து வரும்போது வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷனுக்கு மூன்றரை லட்சம் ஆனது. "காய்ந்திருக்கும்போது தரை நன்றாகத்தானே இருக்கிறது, உங்கள் அம்மாவின் செருப்புதான் தேய்ந்திருந்தது" என்கிறார் பில்டர். புதுப் பூச்சு அடித்து, 25,000 ரூபாயும் தருவதாகச் சொல்லி ஒரு கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா? – வாசகி, சென்னை

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். புதுப் பூச்சு அடிப்பதையும் சில நாட்கள் நிறுத்திவையுங்கள். உங்கள் வழக்கின் முதல் சாட்சி அந்தத் தரைதான். அதன் மேல் இன்னொரு பூச்சு ஏறிவிட்டால், அம்மா விழுந்த அன்று அது எப்படி இருந்தது என்பதை நிரூபிக்க உங்கள் வாய்ச்சொல் மட்டுமே மிஞ்சும்.

காய்ந்த தரை நன்றாக இருக்கிறது என்று பில்டர் சொல்வது உண்மைதான். ஆனால் அது அவருக்கு உதவாது. மழமழப்பான எபாக்ஸி காய்ந்திருக்கும்போது காலைப் பிடிக்கும். தண்ணீரோ எண்ணெயோ மேலே படர்ந்தால் பிடிமானம் சட்டென்று குறைந்துவிடும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அதனால்தான் ஈரம் படும் இடங்களில், பூச்சு காய்வதற்கு முன்பே குவார்ட்ஸ் மணலையோ அலுமினியம் ஆக்சைடு துகளையோ தூவி, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகிறார்கள். தூவிய பிறகும் மேல்பூச்சைத் தடிமனாக அடித்தால் துகள்கள் உள்ளே புதைந்து பயனற்றுப் போகும். ஸ்டில்ட் பார்க்கிங் என்பதே நனைந்த வண்டி வந்து நிற்கும் இடம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் சென்னையில் அங்கே ஈரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை என எந்த பில்டரும் சொல்ல முடியாது.

இதை எண்ணிக்கையில் காட்ட பெண்டுலம் சோதனை என்று ஒன்று இருக்கிறது. ரப்பர் பொருத்திய ஒரு கை ஈரத்தரையின் மேல் உரசியபடி ஊசலாடும்; தரை அதை எவ்வளவு தடுக்கிறது என்பதை அளப்பார்கள். பிரிட்டனில் பின்பற்றும் அளவுகோலின்படி 36-ம் அதற்கு மேலும் வந்தால் வழுக்கும் அபாயம் குறைவு, 25-க்குக் கீழே போனால் அதிகம். நம் நுகர்வோர் ஆணையங்கள் அந்த எண்ணுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. ஆனாலும் தகுதியுள்ள ஒரு பொறியாளர் ஈரத்தில் அளந்து தரும் அறிக்கை, "வழவழவென்று இருந்தது" என்று நாம் சொல்வதைவிடப் பல மடங்கு எடை உள்ளது. அளக்கும் நாளை பில்டருக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவியுங்கள். வராவிட்டால் அது அவர் விருப்பம். அதுவரை லிஃப்ட் வழியில் ரப்பர் பாயோ, சொரசொரப்பான ஒட்டுப்பட்டையோ போடச் சொல்லுங்கள். வழக்குக்காக இன்னொருவர் விழக் கூடாது.

இனி எங்கே போவது என்று பார்ப்போம். தரையைச் சரிசெய்ய, ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவு போதும். சாவி கொடுத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் வேலைப்பாட்டிலோ தரத்திலோ உள்ள குறையைச் சுட்டிக்காட்டினால், பில்டர் 30 நாட்களுக்குள் காசு வாங்காமல் சரிசெய்தாக வேண்டும். உங்களுக்கு 2028 ஜூன் வரை அந்த உரிமை உண்டு. ஆகவே புதுப் பூச்சு என்பது அவர் காட்டும் சலுகை அல்ல, அவருடைய கடமை.

அம்மாவின் காயத்துக்கு நுகர்வோர் ஆணையத்தையே நான் பரிந்துரைப்பேன். ரெரா இருப்பதால் அந்தக் கதவு மூடிவிடவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் இம்பீரியா ஸ்ட்ரக்சர்ஸ் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஃபிளாட் உங்கள் பெயரில் இருக்க, அம்மா எப்படி நுகர்வோர் ஆவார் என்று எதிர்த்தரப்பு கேட்கும். பணம் கொடுத்தவரின் சம்மதத்தோடு அந்தச் சேவையின் பயனை அனுபவிப்பவரும் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு சொல்கிறது. வீடு கட்டித் தருவதும் அந்தச் சட்டத்தின்படி சேவையே. இருவரும் சேர்ந்தே மனுச் செய்யுங்கள்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் இழப்பீடு முடிவு செய்வதில்லை, நீங்கள் கொடுத்த விலைதான் முடிவு செய்கிறது. மாவட்ட ஆணையத்தின் வரம்பு 50 லட்சம். நீங்கள் கொடுத்தது 74 லட்சம் என்பதால் சென்னையில் உள்ள மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். காலக்கெடு 2 ஆண்டு. விழுந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்பதே நம் வாதம். சாவி கொடுத்த நாளிலிருந்து எண்ணச் சொல்லி எதிர்த்தரப்பு வாதாடக்கூடும். அதனால் தள்ளிப்போடாதீர்கள்; மனுவோடு, தாமதத்தைப் பொறுத்தருளக் கோரும் மனு ஒன்றையும் முன்னெச்சரிக்கையாகச் சேர்த்துவிடுங்கள்.

செருப்பு தேய்ந்திருந்தது என்பது உண்மையாகவே இருந்தாலும் வழக்கு விழாது. இழப்பீட்டுத் தொகை கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். அந்தச் செருப்பைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வையுங்கள்.

ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியில் எங்கே, எப்படி விழுந்தார் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். சிசிடிவி பதிவு தானாக அழிந்துவிடும்; இன்னும் இருந்தால் எடுத்து வைக்கும்படி குடியிருப்போர் சங்கத்துக்கு இன்றே எழுதுங்கள். எல்லாவற்றையும்விட, குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் "பார்க்கிங் வழுக்குகிறது" என்று முன்பே யாராவது போட்டிருந்தார்களா, அது பில்டருக்கோ சங்கத்துக்கோ தெரியுமா என்று தேடுங்கள். தெரிந்தும் சும்மா இருந்தார்கள் என்று காட்டிவிட்டால் வழக்கின் பாதி வேலை முடிந்தது. பதிவையும் செய்தியையும் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுகளுக்கான சான்றிதழை இணைக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தில் பார்க்கிங் தரை 'ஆன்ட்டி ஸ்கிட்' (வழுக்காதது) என்று இருந்தால் அந்தப் பக்கத்தை முதல் ஆவணமாக வையுங்கள்.

பில்டர் நீட்டும் கடிதத்தில் 'முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்' என்ற வரி அநேகமாக இருக்கும். அதில் கையெழுத்திட்ட பிறகு வழக்குப் போட்டால் முதல் எதிர்வாதமே அந்தக் காகிதமாகத்தான் இருக்கும். பணம் அவசரமாகத் தேவையென்றால், 'மருத்துவச் செலவில் ஒரு பகுதியாக, என் உரிமைகளுக்குப் பாதிப்பின்றி' என்று நீங்களே எழுதிக் கொடுத்து, வங்கி வழியாக மட்டும் வாங்குங்கள். அதற்கு அவர் ஒப்பாவிட்டால் 25,000 ரூபாயை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வக்கீல் நோட்டீஸை அனுப்புங்கள்.