ஹீரோகுவெஸ்ட்: கொப்லின் ஷீல்ட் போட்டு மந்திரத்தைத் தடுக்கலாமோ?

விசுவமடுவில இருந்து ஒரு தங்கச்சி எழுதிக் கேட்டிருக்கிறா. அவாட அண்ணன் டொரொண்டோவில இருந்து வரேக்க பிள்ளையளுக்கெண்டு 2021இல வந்த ஹீரோகுவெஸ்ட் எண்ட போர்ட் கேம் பெட்டி ஒண்டைக் கொண்டந்து குடுத்தவராம், இப்ப லீவெண்டா பக்கத்து வீட்டுப் பெடியளும் வந்து விறாந்தையில போர்டை விரிச்சுப்போட்டு இருந்திடுவினமாம். ரூல் புத்தகம் முழுக்க இங்கிலிஷ் எண்டதால இவாதான் வாசிச்சுச் சொல்லிறது, சார்கனும் இவாதான், அதாவது மொன்ஸ்டர் எல்லாத்தையும் நடத்திற ஆள், பிள்ளையள் பார்பேரியன், டுவார்ஃப், எல்ஃப், விசார்ட் எண்ட ஹீரோக்கள். போன கிழமை விசார்டா (மந்திரவாதியா) விளையாடின மூத்தவன் கொப்லின் எண்ட சின்ன மொன்ஸ்டர் ஒண்டுக்கு பால் ஒஃப் ஃபிளேம் எண்ட நெருப்பு உருண்டை மந்திரம் போட, இவா கொப்லினுக்கு டிபென்ட் டைஸ் உருட்டி கறுப்பு ஷீல்ட் விழ "தப்பிட்டுது" எண்டு சொல்ல, பெடி "அம்மா அலாப்புறா" எண்டு எழும்பிப் போட்டானாம். அதோட க்ரொஸ்போ எண்ட வில்லால பக்கத்தில நிக்கிறதுக்குச் சுடலாமோ, மூலைப்பாட்டுக்கு ஆர் அடிக்கலாம், எறிஞ்ச கத்தி திரும்பிக் கைக்கு வருமோ, கரேஜ் மந்திரத்தை எப்ப பாவிக்கிறது எண்டும் கேட்டிருக்கிறா.

தங்கச்சி, முதல் மூத்தவனைக் கூப்பிட்டு அவன் சொன்னதுதான் சரியெண்டு சொல்லுங்கோ. பால் ஒஃப் ஃபிளேமுக்கு ஷீல்ட் போட ஏலாது.

ஏனெண்டு வடிவா விளங்கிக்கொண்டா மற்ற மந்திரங்களிலயும் சண்டை வராது. சாதாரண அடியெண்டா அடிக்கிற ஆள் வெள்ளை கொம்பட் டைஸ் உருட்டுவார், மண்டையோடு விழுந்தது எத்தினையோ அத்தினை அடி, பிறகு அடி வாங்கிற ஆள் தன்ர டிபென்ட் டைஸ் உருட்டி ஷீல்ட் விழுந்த அளவுக்குக் குறைப்பார். அந்த டைஸில ஆறு பக்கத்தில மூண்டு மண்டையோடு, ரெண்டு வெள்ளை ஷீல்ட், ஒண்டே ஒண்டுதான் கறுப்பு ஷீல்ட், ஹீரோவுக்கு வெள்ளையும் மொன்ஸ்டருக்குக் கறுப்பும் மட்டும்தான் கணக்கு, அதால மொன்ஸ்டர் ஒரு டைஸில தடுக்கிறதுக்கு ஆறில ஒரு வாய்ப்புத்தான் இருக்கு. பால் ஒஃப் ஃபிளேம் மந்திரம் எழுதியிருக்கிற காட்டை (அட்டையை) எடுத்துப் பாருங்கோ, அதில கொம்பட் டைஸைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நேர ரெண்டு பொடி பொயின்ட் (உயிர்ப் புள்ளி) சேதம், அடி வாங்கிறது ஒண்டு தொடக்கம் ஆறு வரை இருக்கிற சாதாரண சிவப்பு டைஸ் ரெண்டு உருட்டோணும், அஞ்சோ ஆறோ விழுந்த ஒவ்வொரு டைஸுக்கும் ஒரு சேதம் குறையும், அவ்வளவுதான். கொப்லினுக்கு இருக்கிறதே ஒரு பொடி பொயின்ட், அப்ப அது தப்பிறதெண்டா ரெண்டு டைஸிலயும் அஞ்சோ ஆறோ விழோணும், ஒன்பதில ஒருக்காத்தான் அப்பிடி நடக்கும். உங்கட மகனுக்குக் கோவம் வந்ததில நியாயம் இருக்கு.

ஃபயர் ஒஃப் ராத் எண்ட மந்திரமும் இதே மாதிரித்தான், ஒரு சேதம், ஒரு சிவப்பு டைஸில அஞ்சு ஆறு விழுந்தா ஒண்டும் இல்லை. ஆனா பூதத்தைக் கூப்பிடுற ஜீனி மந்திரம் வேற. ஜீனியை ஒரு பூட்டின கதவு திறக்கவும் விடலாம், இல்லாட்டி கண்ணுக்குத் தெரியிற ஒண்டுக்கு அஞ்சு கொம்பட் டைஸால அடிக்கவும் விடலாம். கொம்பட் டைஸ் எண்டு காட்டிலயே எழுதிக்கிடக்கிறதால இது சாதாரண அடி மாதிரியே, மொன்ஸ்டர் வழமைபோல டிபென்ட் உருட்டலாம். காட்டில என்ன டைஸ் எண்டு போட்டிருக்கோ அதைப் பார்த்தாலே ஷீல்டுக்கு இடமிருக்கோ இல்லையோ எண்டு தெரிஞ்சிடும், இதை மட்டும் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுங்கோ, பிறகு அவையே காட்டைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளுவினம். முன்னூற்றி நாலு விளையாடேக்க மாங்குளத்தில ஒரு ரூல் முள்ளியவளையில ஒரு ரூல் எண்டு இருக்கிற மாதிரி இதில இல்லை, காட்டில இருக்கிற எழுத்து பொது ரூலை வெட்டும், காட்டில இல்லாத விசயத்துக்குப் பொது ரூல்தான்.

இன்னொண்டு, என்ர அபிப்பிராயத்தில பால் ஒஃப் ஃபிளேமைக் கொப்லினுக்குப் போடுறதே வீண். ஒரு மந்திரம் ஒரு குவெஸ்ட்டுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, ஒருக்காத்தான். கார்கொயில் எண்ட பலமான மொன்ஸ்டர் வந்து நிண்டா அதுக்கு டிபென்ட் டைஸ் அஞ்சு, பொடி பொயின்ட் மூண்டு, பார்பேரியன் மூண்டு டைஸால அடிச்சுக்கொண்டிருந்தா நேரம்தான் போகும், அந்த இடத்தில இந்த மந்திரம் அஞ்சு டைஸையும் தாண்டி நேர உள்ள போகுது. ட்ரெட் வாரியருக்கும் அப்பிடித்தான், அதுக்கு டிபென்ட் நாலு. மூத்தவனுக்கு அடுத்தமுறை அதுவரைக்கும் பொறுத்திருக்கச் சொல்லுங்கோ.

இனி கரேஜ். இதில கனபேர் பிழை விடுகினம். கரேஜ் போட்ட ஹீரோவின்ர அடுத்த அடிக்கு ரெண்டு டைஸ் கூட, அது சரி, ஆனா மந்திரம் போடுறதும் ஒரு எக்ஷன், அடிக்கிறதும் ஒரு எக்ஷன், ஒரு முறைக்கு ஒரு எக்ஷன்தான், அப்ப எல்ஃப் தனக்குத்தானே கரேஜ் போட்டிட்டு அதே முறையில அடிக்க ஏலாது, அடுத்த முறை வரைக்கும் நிக்கோணும், இடையில ஒரு மொன்ஸ்டரும் கண்ணுக்குத் தெரியாமல் போனா மந்திரம் முறிஞ்சிடும். அதால பார்பேரியனுக்குப் போடுறதுதான் கெட்டித்தனம், மூண்டோட ரெண்டு அஞ்சு டைஸ், அதுவும் மந்திரம் போடுற பிள்ளைக்கு அடுத்ததா பார்பேரியன் இருக்கிற மாதிரி ஆக்களை இருத்தினா போட்ட கையோட அடி விழும். சார்கனுக்கு இடப்பக்கம் இருக்கிற ஆளில தொடங்கி மணிக்கூடு சுத்திற பக்கமா முறை போகும், அதைப் பார்த்து இருத்துங்கோ.

க்ரொஸ்போ கேள்வி. பக்கத்தில நிக்கிற மொன்ஸ்டருக்குச் சுட ஏலாது, காட்டிலயே இருக்கு. ஆனா பக்கத்தில எண்டா இந்த விளையாட்டில முன்னுக்கு, பின்னுக்கு, இடம், வலம், இந்த நாலு கட்டமும்தான், மூலைக்கட்டம் பக்கத்தில எண்ட கணக்கில வராது. உங்கட மகளின்ர எல்ஃபுக்கு நேர முன்னுக்குக் கொப்லின் நிக்குதெண்டு வையுங்கோ, அவ ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளினா கொப்லின் இப்ப மூலையில, அங்கயிருந்து மூண்டு டைஸால சுடலாம். விலகிப் போகேக்க கொப்லினுக்கு இடையில ஒரு அடி கிடைக்குமோ எண்டு கேப்பினம், வேற சில விளையாட்டுகளில கிடைக்கும், இதில கிடையாது. ஒண்டு மட்டும் கவனம், நடக்கிறதை முழுக்க முடிச்சிட்டு எக்ஷன், இல்லாட்டி எக்ஷனை முடிச்சிட்டு நடை, பாதி நடந்து சுட்டுப்போட்டு மிச்சம் நடக்க விடாதேங்கோ. நடக்க இடமில்லாட்டி தொடக்கத்தில குடுத்த ஷோர்ட் சோர்டால ரெண்டு டைஸ் போட்டு அடிக்கட்டும்.

சுடுறதுக்குக் கண்பார்வையும் வேணும். சுடுற ஆளின்ர கட்டத்து நடுவில இருந்து மொன்ஸ்டர் நிக்கிற கட்டத்து நடுவுக்கு ஒரு நூல் பிடிச்சுப் பாருங்கோ, சுவரோ பூட்டின கதவோ வேற ஒரு காயோ குறுக்க வந்தா சுட ஏலாது, அந்தக் காய் எங்கட ஆளெண்டாலும்தான். ஒடுக்கமான நடைபாதையில பார்பேரியனை முன்னுக்கு விட்டிட்டு எல்ஃப் நேர பின்னால நிண்டா அவவின்ர வில்லு சும்மா. உண்மையில கையில ஒரு தையல் நூலை வைச்சிருந்தியளெண்டா அரைவாசிச் சண்டை குறையும்.

மூலைப்பாட்டு அடி எல்லாருக்கும் இல்லை. லோங்சோர்ட் (நீள வாள்), ஸ்டாஃப் (தடி) மாதிரி காட்டில அப்பிடி எழுதியிருக்கிற ஆயுதத்துக்கு மட்டும்தான். லோங்சோர்டுக்கு மூண்டு டைஸ், ஸ்டாஃபுக்கு ஒண்டு, ஆனா விசார்டுக்கு ஸ்டாஃப் நல்ல சாமான், ஏனெண்டா கொப்லினும் ஓர்க்கும் சாதாரணமா மூலைக்கு அடிக்க ஏலாது, அவை நாலு பக்கத்தில ஒண்டில வந்து நிண்டுதான் அடிக்கோணும். டுவார்ஃபை முன்னுக்கு நிப்பாட்டிப்போட்டு விசார்ட் மொன்ஸ்டருக்கு மூலையில நிண்டு அடிக்கிற வழியைப் பிள்ளையள் ஒருக்காப் பிடிச்சிட்டினமெண்டா நீங்கள் சார்கனா நல்லாத் திணறுவியள்.

எறிஞ்ச கத்தி திரும்பி வராது. டாகர் எண்ட சின்னக் கத்தியும் ஹான்ட் எக்ஸ் எண்ட கைக்கோடாலியும் பார்வையில இருக்கிற எதுக்கும் எறியலாம், எறிஞ்சாப் போச்சு, காட்டைத் திருப்பிக் குடுத்திடோணும். டாகர் 25 பொன்காசுதான், குவெஸ்ட் முடிய வேற வாங்கட்டும்.

பக்கத்து வீட்டில ஆராவது பழைய பெட்டி வைச்சிருந்தா கலந்து விளையாடாதேங்கோ. முதல் பெட்டி 1989இல இங்கிலாந்தில மில்டன் பிராட்லியும் கேம்ஸ் வேர்க்ஷொப்பும் சேர்ந்து வெளியிட்டது, அதில எதிரி மந்திரவாதிக்கு மோர்கார் எண்டு பேர், சாதாரண மொன்ஸ்டர் எல்லாத்துக்கும் ஒரு பொடி பொயின்ட்தான். அடுத்த வருசம் அமெரிக்காவுக்குப் போகேக்கதான் சார்கன் எண்டு மாத்தி மொன்ஸ்டர்களையும் பலமாக்கினவை, உங்கட 2021 பெட்டி அந்த வழியில வந்தது. நான் மேல சொன்ன கார்கொயில் கணக்கு உங்கட பெட்டிக்குச் சரி, மோர்கார் பெட்டிக்குப் பொருந்தாது.

நித்திரையாக்கிற ஸ்லீப் மந்திரத்தைப் பற்றி நீங்கள் கேக்கேல்லை, ஆனா அடுத்ததா அதிலதான் சண்டை வரும். எலும்புக்கூடு, சொம்பி, மம்மி மூண்டுக்கும் அது வேலை செய்யாது. மற்றதுகளுக்கு எத்தினை மைன்ட் பொயின்ட் (மனப் புள்ளி) இருக்கோ அத்தினை சிவப்பு டைஸ் உருட்டுங்கோ, ஒரு ஆறு விழுந்தாலும் முழிச்சிடும், விழாட்டி அது நடக்கவும் ஏலாது அடிக்கவும் ஏலாது, டிபென்ட் டைஸும் உருட்ட ஏலாது. படுத்திருக்கிற ஓர்க்குக்கு ரெண்டு டிபென்ட் டைஸ் இருக்கெண்டு கையில எடுத்திடாதேங்கோ.