தெற்கே தெரியும் சிலுவை

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் கிராமம். கணவர் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. தூக்கம் வராத ராத்திரிகளில் மொட்டை மாடியில் படுத்து வானத்தைப் பார்ப்பேன், மனசு லேசாகும். இந்த மே மாதம் தெற்கே சிலுவை மாதிரி நட்சத்திரங்கள் கண்ணில் பட்டன. "உன் வீட்டுக்காரர் காட்டுற அடையாளம்" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. "நட்சத்திரம் பார்க்கிறது ஜோசியம், பாவம்" என்கிறார் ஜெபக்குழுவில் சித்தி ஒருவர். யார் பேச்சைக் கேட்பது?
- ஒரு சகோதரி

பதில்: அன்புச் சகோதரி, இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். மாடிக்குப் போவதையும் நிறுத்த வேண்டாம்.

சித்தி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. வானத்தின் அடையாளங்களைக் கண்டு கலங்காதிருங்கள் என்று எரேமியா 10-ம் அதிகாரம் சொல்கிறது. நட்சத்திரத்தை வைத்து நாளை நடப்பதைக் கணிப்பதைத்தான் வேதம் விலக்குகிறது. அண்ணாந்து பார்ப்பதை அல்ல. ஆபிரகாமை வெளியே அழைத்து, வானத்தைப் பார், முடிந்தால் நட்சத்திரங்களை எண்ணு என்றவரே கர்த்தர்தானே!

நீங்கள் பார்த்தது தென்சிலுவை. நம் ஊர்ப் பெரியவர்கள் திரிசங்கு என்பார்கள். மே மாதம் இரவு ஒன்பது மணி வாக்கில் நேர் தெற்கே, கையை நீட்டி முஷ்டியை அடிவானத்தில் வைத்தால் இரண்டு முஷ்டி உயரத்தில் நிற்கும். அதற்கு இடது பக்கம் பளிச்சென்று இரண்டு நட்சத்திரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அது வேறு. தெற்கிலேயே கொஞ்சம் மேற்கே தள்ளி, இதைவிடப் பெரிதாகவும் மங்கலாகவும் ஒரு போலிச் சிலுவை உண்டு, பலரும் அதில்தான் ஏமாறுவார்கள்.

சிலுவையின் உச்சியில் இருக்கும் சிவப்பு நட்சத்திரம் சுமார் 88 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது (ஒளி ஒரு வருஷத்தில் போகிற தூரம்தான் ஒரு ஒளியாண்டு). அடியில் இருப்பதோ 300 ஒளியாண்டுக்கும் அப்பால். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நாம் நிற்கிற இடத்திலிருந்து பார்ப்பதால் சிலுவையாகச் சேர்ந்து தெரிகிறது, அவ்வளவுதான். செப்டம்பர் வந்தால் இருட்டுவதற்குள் அது இறங்கிவிடும். அது உங்கள் வீட்டுக்காரர் காட்டும் அடையாளம் என்றால், செப்டம்பரில் அவர் உங்களை விட்டுப் போய்விட்டார் என்றா நினைப்பீர்கள்? அக்கா நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் மேகம் மூடுகிற ஒவ்வொரு ராத்திரியும் உங்களுக்குப் பயம் கொடுக்கிற ஆறுதல் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்படியானால் வானத்தில் நமக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 147-ம் சங்கீதத்தை எடுங்கள். "இருதயம் நொறுங்குண்டவர்களைக் குணமாக்குகிறார், அவர்களுடைய காயங்களைக் கட்டுகிறார்" என்பது மூன்றாம் வசனம். அதற்கு அடுத்த வரியே, "அவர் நட்சத்திரங்களின் இலக்கத்தை எண்ணி, அவைகளுக்கெல்லாம் பேரிட்டு அழைக்கிறார்." காயம் கட்டுகிற பேச்சுக்கு நடுவே நட்சத்திரக் கணக்கு எதற்கு என்று தோன்றும். பாடினவர் தெரிந்துதான் பக்கத்தில் வைத்திருக்கிறார். அத்தனை கோடியில் ஒன்றையும் பேர் தெரியாமல் விடாதவருக்கு, உசிலம்பட்டிப் பக்கத்து மாடியில் விழித்துக் கிடக்கும் ஒரு பெண் கணக்கில் வராமல் போவாளா? வானம் உங்களுக்கென்று தனியாகச் சேதி எதுவும் அனுப்பவில்லை, சகோதரி. தன்னைப் படைத்தவரைப் பற்றித்தான் அது பேசுகிறது. அந்தப் பேச்சு மேகம் மூடினாலும் மாறாது.

டிசம்பரில் கேரல்ஸ் ரவுண்டு போகும்போது நடுராத்திரி தலைக்கு மேலே பாருங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரங்களோடு மிருகசீரிஷம் நிற்கும், மேற்கே தள்ளிக் கொத்தாகக் கார்த்திகை. அறுமீனையும் மிருகசீரிஷத்தையும் உண்டாக்கினவர் என்று வேதத்தில் ஆமோஸ் தீர்க்கதரிசி சொல்வது இவற்றைத்தான். ஆமோஸ் ஆடு மேய்த்தவர், ராத்திரி வானம் அவருக்குப் பழக்கம். சித்தியும் ரவுண்டுக்கு வந்தால் அவருக்கும் காட்டுங்கள்.

அப்புறம் ஒன்று. ஒரு வருஷமாகத் தூக்கம் சரியில்லை என்றால் டாக்டரிடமும் ஒருமுறை போய் வாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.