பூக்கட்டும் இடுப்பு: கேள்வி பதில்

கேள்வி: மாட்டுத்தாவணியில் பூ வாங்கி வந்து, பகல் முழுக்கச் சம்மணம் போட்டுக் கட்டுகிறேன். வயது 44. நாலு மாதமாக அடி இடுப்பில் வலி. யோகா நல்லது என்றார்கள். விடிந்து எழுந்தவுடன் குனிந்து கால்விரலைத் தொடுகிறேன். வலி கூடத்தான் செய்கிறது. ஏன்?
— வாசகி, அனுப்பானடி, மதுரை

பதில்: முதலில் அந்தக் குனிவதை விடுங்கள். பகலெல்லாம் முன்னால் வளைந்திருந்த இடுப்பை மறுபடி அதே பக்கம் வளைக்கிறீர்கள். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் தட்டுகள் இரவில் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் குனிந்தால் அவற்றுக்கு அழுத்தம் அதிகம். கீழே சொல்லும் ஆசனங்களைச் சாயங்காலம், கூடை காலியானதும் செய்யுங்கள்.

மல்லாந்து படுத்து, கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் வையுங்கள். ஒரு முழங்காலை மட்டும் கைகளால் வயிற்றுப் பக்கம் இழுத்து 5 மூச்சு. பக்கத்துக்கு 3 முறை. படுத்தபடி செய்வதால் உடம்பின் பாரம் தட்டுகளில் இறங்காது. பிறகு பூனை நிலை: தோளுக்கு நேர்கீழே கை, இடுப்புக்கு நேர்கீழே முழங்கால். மூச்சை இழுக்கையில் வயிறு தாழட்டும், விடுகையில் முதுகு மேலெழும்பட்டும், 8 முறை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது.

கடைசியாகச் சேதுபந்தாசனம், அதாவது மல்லாந்து கால்களை மடக்கி இடுப்பைத் தரையிலிருந்து தூக்குவது, 5 முறை. குதிகாலுக்கும் புட்டத்துக்கும் நடுவே ஒரு சாண். பாதம் தள்ளிப்போனால் பின்தொடை சுண்டி இழுக்கும். உயரம் காட்ட வயிற்றைத் தூக்கினால் இடுப்புதான் நசுங்கும். புட்டத் தசை இறுகும் அளவுக்குத் தூக்கினால் போதும்.

உண்மையில் ஆசனத்தைவிட உட்காரும் விதம்தான் முக்கியம். வெறுந்தரையில் சம்மணமிட்டால் இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்து, அடிமுதுகின் வளைவு தட்டையாகிவிடும். மணைப்பலகையிலோ மடித்த போர்வையிலோ நாலு விரற்கடை உயரத்தில் உட்காருங்கள். முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்கட்டும். பூத்தட்டைக் கவிழ்த்த கூடைமேல் வையுங்கள். வாழைநார் நனைக்கும் கிண்ணம் கைக்கெட்டாமல் அடுப்படியில் இருக்கட்டும். அரை மணிக்கொரு முறை எழுந்துதான் ஆக வேண்டும்.

நாலு மாதம் ஆகிவிட்டதால் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். பாதம் தளர்ந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமலோ பிரியாமலோ போனாலோ, ஆசனத்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: இடுப்புவலிக்குக் கட்டாந்தரையில்தான் படுக்க வேண்டுமா?
— வாசகர், திருமங்கலம்

பதில்: வேண்டாம். அமுங்கிக் குழிவிழாத மெத்தை போதும். பாய்தான் பழக்கம் என்றால் மேலே இரண்டு ஜமக்காளம் விரியுங்கள். மல்லாந்தால் முழங்காலுக்கு அடியில் தலையணை. ஒருக்களித்தால் முழங்கால்களுக்கு நடுவில்.