பழைய வண்டி கேள்வி-பதில்: ஒழுகுவது எங்கே, சொட்டுவது எங்கே?

கேள்வி: என்னிடம் 1998 மாடல் மாருதி 800 இருக்கிறது, கார்புரேட்டர் வண்டி. அப்பா வாங்கியது, விற்க மனசில்லை. ராத்திரி நிறுத்தினால் காலையில் என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்கிற இடத்துக்கு நேர் கீழே உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் கிடக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் (பின்சீல்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கணும் என்கிறார்கள். வீட்டிலேயே ஏதாவது செய்ய முடியுமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: கியர்பாக்ஸை இறக்கச் சொல்வதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து மேலே பாருங்கள். உங்கள் வண்டியில் இருப்பது எஃப்8பி என்ஜின், 796 சிசி, மூன்று சிலிண்டர், குறுக்கே உட்கார்ந்திருக்கும். கார்புரேட்டர் மாடல்களில், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் இருப்பது சிலிண்டர் ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்க முனையில். அதைச் சுற்றுவது கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கிற தண்டு), ஆக அது எண்ணெய் புழங்குகிற இடம். அங்கிருக்கிற ஓ-ரிங்கோ பேக்கிங்கோ இத்தனை வருஷச் சூட்டில் கல்லாகிப் போனால் எண்ணெய் கசிந்து, ஹெட்டின் ஓரமாக இறங்கி, பிளாக்கை ஒட்டிக்கொண்டே வந்து, கடைசியில் கியர்பாக்ஸ் சேர்கிற விளிம்பில்தான் சொட்டும். கீழே படுத்துப் பார்க்கிறவருக்கு அச்சு அசல் பின்சீல் மாதிரியே தெரியும். ஹெட்டை மேலே மூடுகிற டாப்பெட் கவரின் பேக்கிங் அந்த மூலையில் விட்டிருந்தாலும் இதே கதைதான். பின்சீல் என்றால் கியர்பாக்ஸ், கிளட்ச், ஃபிளைவீல் எல்லாம் கழற்ற வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் ஒரு ரப்பர் வளையம். ஒர்க்‌ஷாப்காரர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை, எல்லாம் எண்ணெயில் ஊறிக் கிடக்கிற என்ஜினைப் பார்த்து யாராலும் சரியாகச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

அதனால் முதல் வேலை கழுவுவது. என்ஜின் ஆறியிருக்கும்போது மண்ணெண்ணெயோ டீசலோ பிரஷில் தொட்டு, மேலிருந்து கீழாக அழுக்கைக் கிளப்பி, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், கார்புரேட்டர் மூன்றுக்கும் பிளாஸ்டிக் பையைக் கட்டிவிடுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷரில் அடிக்க வேண்டாம், அப்புறம் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் இன்னொரு கேள்வி எழுத வேண்டியிருக்கும். மண்ணெண்ணெய் வாடை சுத்தமாகப் போய், நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சூடாகும் என்பதை மறக்காதீர்கள்.

காய்ந்ததும், சந்தேகப்படுகிற இடங்களில் முகத்துக்குப் போடுகிற பவுடரை லேசாகத் தூவுங்கள், பெல்ட் பக்கம் வேண்டாம். பத்து நிமிஷம் ஐடிலில் ஓடவிட்டு, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையில் எண்ணெய் ஓடிய கோடு கறுப்பாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள், ஈரம் எங்கே ஆரம்பிக்கிறதோ அதுதான் இடம். சொட்டுகிற இடம் நமக்குத் தேவையே இல்லை. கைக்கெட்டாத பின்பக்கத்துக்கு ஒரு சின்னக் கண்ணாடி போதும். டிஸ்ட்ரிபியூட்டர், டாப்பெட் கவர், பழைய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் ஹெட்டில் உட்காருகிற இடம், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஆயில் ஃபில்டர், இந்த வரிசையில் பாருங்கள். பிரஷர் சுவிட்சை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், அதன் வயர் சாக்கெட்டுக்குள்ளேயே எண்ணெய் ஊறி நிற்கும்.

டாப்பெட் கவர் என்றால் வீட்டு வேலைதான். ஏர் ஃபில்டரைக் கழற்றி, கவரின் போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றித் தளர்த்தித் தூக்குங்கள். ஒட்டிக்கொண்டால் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பக் கூடாது, ஹெட் அலுமினியம், கீறல் விழுந்தால் புதுப் பேக்கிங்கும் அங்கே ஒழுகும். மரச் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினால் வந்துவிடும். பழைய பேக்கிங்கையும் முன்னால் யாரோ அப்பிவைத்த பேஸ்ட்டையும் பிளாஸ்டிக் துண்டால் சுரண்டி, துடைத்து எடுங்கள். துகள் ஹெட்டுக்குள் விழாமல் பனியன் வேஸ்ட்டை விரித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அதை எடுக்க மறந்தால் என்னைத் திட்டக் கூடாது. புதுப் பேக்கிங்கை வைத்து, போல்ட்டுக்கு அடியில் இருக்கிற ரப்பர் வாஷர்களையும் சேர்த்து மாற்றுங்கள். பாதிப் பேர் பேக்கிங்கை மட்டும் மாற்றிவிட்டு இன்னும் ஒழுகுது என்று வருவது அந்த வாஷரால்தான். முறுக்கும்போது மணிக்கட்டு பலம் போதும். ஸ்பேனரில் தொங்கினால் கவர் வளையும், பேக்கிங் பிதுங்கும், முன்னைவிட மோசமாக ஒழுகும். அனபாண்ட் பேஸ்ட்டைச் சுற்றிலும் அப்பித் தள்ள வேண்டிய அவசியமே இல்லை. உள்ளே பிதுங்குகிற பேஸ்ட் பிய்ந்து, அடியில் எண்ணெய் தேங்குகிற சம்ப்பில் விழுந்து, எண்ணெய் உறிஞ்சுகிற சல்லடையில் போய் அடைக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். பேட்டரி நெகடிவைக் கழற்றுங்கள். கேப்பை எடுத்துவிட்டு, ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது, டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று இரண்டுக்கும் பெயின்ட்டில் குறி போட்டு, மொபைலில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே இழுக்கும்போது கியர் பல் சாய்வாக இருப்பதால் ரோட்டார் கொஞ்சம் திரும்பும், அந்த இடத்தையும் குறித்துக்கொண்டால் திரும்ப உட்கார வைப்பது சுலபம். கழற்றி வைத்திருக்கும்போது என்ஜினைச் சுற்றவே கூடாது, காரைத் தள்ளி நகர்த்துவதும் வேண்டாம். புது ஓ-ரிங்கில் கொஞ்சம் என்ஜின் ஆயிலைத் தடவி நேராக இறக்குங்கள். வேலை முடிந்ததும் ஒரு முறை டைமிங் லைட் வைத்து ஸ்பார்க் நேரம் சரியா என்று பார்த்துவிடுவது நல்லது.

எல்லாம் பார்த்தாயிற்று, மேலே எங்கும் ஈரமில்லை, கிளட்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங்கின் அடியிலிருந்து மட்டும் வருகிறது என்றால் சரி, ஒர்க்‌ஷாப்காரர் சொன்னதுதான். அப்போதும் சொட்டுகிற எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை அடித்தால் அது கியர் ஆயில், கசிவது கியர்பாக்ஸ் சீல், கிராங்க் சீல் இல்லை. எதுவானாலும் கியர்பாக்ஸை இறக்குகிற வேலையை வீட்டு வாசலில் செய்ய வேண்டாம் என்பேன். இறக்குகிற அன்றே இரண்டு சீலையும் மாற்றி, கிளட்ச் பிளேட்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள், கூலி ஒன்றுதான்.

இன்னொன்று. என்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து பாருங்கள். லேசாகக் காற்று வருவது சகஜம். புகை குபுகுபுவென்று அடித்தால், டாப்பெட் கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகிற ஹோஸ் அடைத்திருக்கலாம், அதைக் கழற்றி ஊதிப் பாருங்கள். அது சுத்தமாக இருந்தும் அடிக்கிறது என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்து உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அந்த என்ஜினில் எந்தப் பேக்கிங்கை மாற்றினாலும் ரொம்ப நாள் நிற்காது.

கீழே படுத்துப் பார்ப்பதாக இருந்தால் வண்டியோடு வந்த ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். அது டயர் மாற்றத்தான். ஸ்டாண்ட் வைத்து, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: 2004 ஸ்ப்ளெண்டர். இடது பக்கம் செயின் ஸ்பிராக்கெட் கிட்ட எப்போதும் எண்ணெய்ப் பிசுக்கு. என்ஜினைப் பிரிக்கணுமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் அது என்ஜின் ஆயில்தானா என்று பாருங்கள். செயினுக்கு யாராவது தாராளமாக எண்ணெய் விட்டிருந்தால் அது ஸ்பிராக்கெட் கவருக்குள் தெறித்து, மண்ணோடு சேர்ந்து, இதே மாதிரிதான் வடியும். கவரைக் கழற்றித் துடைத்துவிட்டு, செயினுக்கு எதுவும் விடாமல் ஒரு வாரம் ஓட்டுங்கள். டிப்ஸ்டிக்கில் அளவு இறங்கவே இல்லை என்றால் கவலையை விடுங்கள்.

இறங்குகிறது என்றால் ஸ்பிராக்கெட் ஷாஃப்ட் சீல், கியர் லீவர் ஷாஃப்ட் சீல் இரண்டில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். இவற்றை மாற்ற என்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை, வெளியிலிருந்தே நெம்பி எடுத்துப் புதிது அடிக்கலாம். ஷாஃப்ட்டில் கீறல் விழாமல் எடுப்பதுதான் வித்தை. பழைய சீலின் உதடு உரசி உரசி ஷாஃப்ட்டில் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் அதே பள்ளத்தில் உட்கார்ந்து ஒழுகும், அதனால் இடமிருந்தால் ஒரு மில்லிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ தள்ளி உட்கார வையுங்கள். மேக்னட்டுக்கு (கிராங்க் முனையில் சுற்றுகிற, மின்சாரம் தயாரிக்கிற சக்கரம்) பின்னாலிருந்து வந்தால் மட்டும் மெக்கானிக்கிடம் போய்விடுங்கள். அதைக் கழற்றப் புல்லர் வேண்டும், சுத்தியலால் தட்டிக் கழற்றினால் கிராங்க் போகும்.

எண்ணெய் குறைந்ததற்காக வீட்டில் மிச்சமிருக்கிற கார் ஆயிலை ஊற்றாதீர்கள். பைக்கில் கிளட்சும் அதே எண்ணெயில்தான் குளிக்கிறது, சில கார் ஆயில்களில் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA, எண்ணெயில் குளிக்கிற கிளட்சுக்கு ஏற்ற தரம்) என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். கசிவு பின் டயர் வரைக்கும் தெறிக்கிறது என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், வளைவில் வழுக்கிவிடும்.

கேள்வி: பழைய காஸ்ட் அயர்ன் புல்லட். ஓடும்போது ஒழுகுவதில்லை. ஒரு மாதம் நிறுத்திவைத்து எடுத்தால் ஆயில் டிப்ஸ்டிக்கில் தெரிவதே இல்லை, ஊற்றி ஸ்டார்ட் செய்தால் பிரீத்தர் பைப் (என்ஜினுக்குள் இருக்கிற காற்று வெளியேறுகிற குழாய்) வழியாகக் கொட்டுகிறது. என்ன வியாதி?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: வியாதி பாதி, அவசரம் பாதி. இந்த என்ஜின் டிரை சம்ப் வகை, எண்ணெய் இருப்பது என்ஜின் கேஸிலேயே தனியாக இருக்கிற டேங்க் அறையில். பம்ப் அங்கிருந்து எடுத்து மேலே கொடுக்கும், கீழே வடிந்ததை இன்னொரு பம்ப் திரும்ப டேங்க்குக்கே தள்ளும். ரொம்ப நாள் நிறுத்தினால், தேய்ந்த பம்ப் வழியாக டேங்க்கில் இருந்த எண்ணெய் மெல்ல கிராங்க் பக்கம் இறங்கிவிடும். டிப்ஸ்டிக் காலியாகத் தெரியும், ஆனால் எண்ணெய் எங்கேயும் போகவில்லை, உள்ளேயேதான் இருக்கிறது. நீங்கள் அதன் மேல் இன்னும் ஊற்றுகிறீர்கள், வழியில்லாமல் அது பிரீத்தரில் வருகிறது.

ஊற்றாதீர்கள். சம்ப் பிளக்கைத் திறந்து வந்ததை ஒரு சுத்தமான பாத்திரத்தில் பிடித்து, சுத்தமாக இருந்தால் டேங்க்கிலேயே விடுங்கள். அல்லது பிளக்கைத் திறக்காமல் அப்படியே ஸ்டார்ட் செய்து சில நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு, அணைத்துவிட்டு அளவைப் பாருங்கள். இனிமேல் எப்போதும் ஓட்டிவிட்டு வந்த பிறகுதான் அளவு பார்க்க வேண்டும். ஒரு மாதத்துக்குப் பதில் ஒரே ராத்திரியில் இறங்குகிறது என்றால்தான் பம்ப்பைப் பார்க்க வேண்டியிருக்கும். கிளட்ச் பக்க பிரைமரி கவரில் வருகிற கசிவு வேறு விஷயம், அதை நடுவில் ஒரே நட்டுதான் பிடிக்கிறது, சுற்றிலும் ரப்பர் சீல். நட்டை மேலும் மேலும் முறுக்குவதால் பயனில்லை, சீலை மாற்றுங்கள். புல்லட் என்றாலே ஒழுகத்தான் செய்யும் என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் பேச்சைக் காதில் வாங்காதீர்கள்.

கேள்வி: கடையில் லீக் ஸ்டாப் என்று டப்பா விற்கிறார்கள். ஊற்றலாமா? கெட்டியான ஆயில் போட்டால் நிற்கும் என்கிறார்களே?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: அந்த டப்பாவில் இருப்பது பெரும்பாலும் காய்ந்த ரப்பரை இளக்கி ஊத வைக்கிற சரக்கு. சுழல்கிற ஷாஃப்ட்டில் உட்கார்ந்திருக்கிற சீல் காய்ந்துபோய் லேசாகக் கசிந்தால் கொஞ்ச காலம் பிடிக்கும். கிழிந்த பேப்பர் பேக்கிங், விரிசல் விட்ட கவர், பள்ளம் விழுந்த ஷாஃப்ட் எதற்கும் உதவாது. கியர்பாக்ஸ் இறக்கக் காசில்லை, ஆறு மாதத்தில் வண்டியை மாற்றப்போகிறேன் என்கிறவர் ஊற்றிப் பார்க்கலாம். பைக்கில் வேண்டாம், கிளட்ச் இருக்கிறது.

கெட்டி ஆயில் மெதுவாக ஒழுகும், அவ்வளவுதான். ஒழுகுவதை நிறுத்தாது. பழைய 800-க்கு 20டபிள்யூ-40 போடுவது சரி, அதற்கு மேல் கெட்டியாகப் போனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே கேம்ஷாஃப்ட்டுக்குப் போய்ச் சேர நேரமாகும். ஒழுகுகிற வண்டியை ஓட்டிக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால் வாரம் ஒரு முறை டிப்ஸ்டிக் பார்த்தே ஆக வேண்டும். டேஷ்போர்டில் எரிகிற சிவப்பு ஆயில் விளக்கு எண்ணெய் குறைகிறது என்று எச்சரிக்கிற விளக்கு இல்லை, பிரஷர் விழுந்துவிட்டது என்று சொல்கிற விளக்கு. ஓடும்போது அது எரிந்தால் வீடு பக்கத்தில்தான் என்று பார்க்காமல் அங்கேயே அணைத்துவிடுங்கள்.

கேள்வி: ஆயில் மாற்றியபோது டிரெயின் போல்ட் மரை போய்விட்டது. எம்-சீல் வைத்து அடைத்திருக்கிறேன். நிற்குமா?
– ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: நிற்காது. எண்ணெய் பட்ட அலுமினியத்தில் அது பிடிக்காது, சூடாகி ஆறி ஆறி ஒரு நாள் போல்ட்டோடு கழன்று விழும், மொத்த எண்ணெயும் ரோட்டில். லேத் பட்டறையில் புஷ் போட்டோ ஹெலிகாயில் (கம்பிச் சுருளால் ஆன மரை) வைத்தோ பழைய அளவிலேயே மரை எடுத்துத் தருவார்கள். அது வரை வண்டியை எடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் உள்ளே விழுந்த அலுமினியத் தூள் வெளியே வர, கொஞ்சம் புது எண்ணெயை ஊற்றி வடித்துவிட்டு அப்புறம் முழுசாக நிரப்புங்கள். போல்ட்டுக்கு அடியில் இருக்கிற வாஷரை ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புதிதாகப் போடுங்கள், டீ குடிக்கிற காசுதான். பழைய நசுங்கின வாஷரை வைத்துக்கொண்டு கசிவை நிறுத்த முறுக்கியதில்தான் பெரும்பாலும் மரை போகிறது. வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள், சேர்த்துவைத்து எடுக்க வருகிறவர்களிடம் அவர்கள் போட்டுவிடுவார்கள்.