ஒரே வரிசை, பாதி விலை

கேள்வி: விமானத்தில் பிசினஸ் கிளாஸில் பக்கத்து இருக்கைக்காரர் நான் கொடுத்ததில் பாதிதான் கொடுத்தாராம். எப்படி?

பதில்: டிக்கெட்டில் கட்டண வகுப்பைக் குறிக்கும் ஒற்றை எழுத்தைப் பாருங்கள். பல நிறுவனங்களில் 'ஜே' என்றால் முழுக் கட்டணம். 'டி', 'ஐ', 'இசட்' எல்லாம் சலுகை ரகம். இருக்கை ஒன்றுதான், விதிகள் வேறு. மலிவானதில் தேதியை மாற்றினால் அபராதம், ரத்து செய்தால் பணம் பெரும்பாலும் போனதுதான்.

வேறு ஊரிலிருந்து கிளம்பினால் விலை குறைவதும் உண்டு. நானும் அப்படி ஒன்று வாங்கினேன். அந்த ஊருக்குப் போக அலுத்து, ரயிலில் போய் நடுவழி விமான நிலையத்தில் ஏறப் பார்த்தேன். முதல் கட்டத்தைத் தவறவிட்டதால் மீதி எல்லாம் ரத்து என்றார்கள். திரும்பி வரும் டிக்கெட்டும் சேர்த்து! அன்று அசட்டுச் சிரிப்போடு புது டிக்கெட் வாங்கினேன், சாதாரண வகுப்பில்.